காளான் கட்சி மாறியதா?

கேள்வி: நான் 1965-இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவன். காளான் ஒரு தாவரம் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். இப்போது பேத்தி, "அது தாவரமே இல்லை தாத்தா, விலங்குக்குத்தான் நெருக்கம்" என்கிறாள். இப்படி மாற்றி மாற்றிச் சொன்னால் விஞ்ஞானத்தை எப்படி நம்புவது? காளான் இனி சைவமா, அசைவமா?
(கும்பகோணம் வாசகர் ஒருவர்)

பதில்: வாங்கிய மதிப்பெண்ணை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. ஆனால் பேத்தி சொல்வதுதான் சரி.

1735-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் உயிர்களையெல்லாம் தாவரம், விலங்கு என்று இரண்டே பெட்டியில் அடைத்தார். காளான் நடக்காது, மண்ணில் முளைக்கும், ஆகவே தாவரம். காய்கறிக் கடைக்காரர் அதைக் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் வைப்பதும் ஏறக்குறைய இந்த நியாயத்தில்தான். ஆனால் அதில் பச்சையம் கிடையாது. வெயிலை வைத்து உணவு தயாரிக்கத் தெரியாது; மக்கும் பொருளைக் கரைத்து உறிஞ்சிப் பிழைக்கிறது. செல்சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கிற அதே சரக்கு. சேமித்து வைப்பதும் மாவுச்சத்தை அல்ல, நம் கல்லீரலைப் போலக் கிளைக்கோஜனை. இவ்வளவும் தெரிந்த பிறகு பழைய பெட்டியிலேயே விட்டிருந்தால்தான் நீங்கள் கோபப்பட்டிருக்க வேண்டும். காளான் பூஞ்சை இனம்; 1969-இல் அமெரிக்க உயிரியலாளர் விட்டேக்கர் பூஞ்சைகளுக்குத் தனி உலகம் ஒதுக்கினார். 1990-களில் மரபணுக்களை ஒப்பிட்டபோது, அவை செடிகொடிகளுக்கு அல்ல, நமக்குத்தான் பங்காளி என்று தெரிந்தது.

பெயர்ப்பலகையை மாற்றி என்ன லாபம் என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். 2021-இல் கொரோனாவின் வாலைப் பிடித்து வந்த கருப்புப் பூஞ்சைக்குக் கொடுத்த ஆம்போடெரிசின்-பி, சிறுநீரகத்தையும் பதம் பார்க்கிற மருந்து. அது குறிவைப்பது பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருளை. நம் செல்லில் இருக்கும் கொலஸ்ட்ரால் அதற்குத் தம்பி மாதிரி. குறி கொஞ்சம் பிசகினால் அடி நமக்கு. பங்காளியோடு சண்டை போடுவதில் உள்ள தொல்லை இது.

தலைகீழான கதையும் உண்டு. உருளைக்கிழங்குக்குக் கருகல் நோய் தந்து 1845-இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய கிருமியை வெகுகாலம் பூஞ்சை என்றே நினைத்தார்கள். அது பூஞ்சையே அல்ல, பழுப்புப் பாசிகளுக்குச் சொந்தக்காரன்; எர்கோஸ்டிராலைத் தயாரிப்பதும் இல்லை. ஆகவே எர்கோஸ்டிரால் உருவாவதைத் தடுக்கிற பூஞ்சைக்கொல்லியை அதன்மேல் தெளித்தால் காசுதான் நஷ்டம்.

அப்புறம், சைவமா அசைவமா என்பது உங்கள் வீட்டுச் சமையலறையின் வகைப்பாடு. உயிரியல் அதில் தலையிடாது. பிரிந்து சுமார் 100 கோடி ஆண்டுகள் ஆன பங்காளி, ரத்தமும் நரம்பும் இல்லாதவன். எங்கள் வீட்டில் நேற்று காளான் பிரியாணி.