மீன் தொட்டிக்கு அரை எச்.பி. மோட்டார் வேண்டாம்

கேள்வி: தக்கலை பக்கம் வீடு. பின்புறம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி 20 கோய் கெண்டைக் குஞ்சுகள் விட்டிருக்கிறேன். சும்மா கிடந்த அரை எச்.பி. மோட்டாரை மாட்டி, காலையும் மாலையும் அரை மணி நேரம் ஸ்பாஞ்ச் வழியே தண்ணீரைச் சுற்றவிடுகிறேன். ஸ்பாஞ்சைத் தினமும் பைப்பில் கழுவியும் தண்ணீர் பச்சைதான். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. எந்தப் பம்பு, எந்த ஃபில்டர் வாங்கலாம்?

பதில்: அந்த மோட்டாரை வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வைத்துக்கொள்ளுங்கள். மீனுக்கு வேண்டியது இரவு பகல் நிற்காமல் ஓடும் சின்னப் பம்பு. அரை எச்.பி.யை நாள் முழுக்க ஓட்டினால் 9 யூனிட்டாவது இழுக்கும். 50 வாட் பம்புக்கு 1.2 யூனிட்தான்.

உங்கள் தொட்டி 6,000 லிட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரும் சுற்றிவர, மணிக்கு 3,000 லிட்டர் வேண்டும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். அது தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. தொட்டி நீர்மட்டத்திலிருந்து ஃபில்டரின் மேலே தண்ணீர் வழியும் இடம்வரை டேப் பிடித்துப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் என்றால், அந்த உயரத்தில் 3,000 லிட்டர் தரும் பம்பைக் கேட்டு வாங்குங்கள். ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) மாட்டாமல் பம்பைத் தண்ணீரில் இறக்கவே கூடாது.

ஃபில்டருக்குக் கடையில் காசைக் கொட்ட வேண்டாம். 200 லிட்டர் நீல டிரம் போதும். தண்ணீர் அடியில் நுழைந்து மேலே வழிய வேண்டும். அடியில் கசடு படிய இடம்விட்டு ஒரு வால்வு, அதற்குமேல் ஸ்பாஞ்ச், அதற்கும்மேல் பழைய நைலான் மீன்வலை. குளச்சல், முட்டம் பக்கம் கழித்துப்போட்ட வலை கிடைத்தால் உப்புப் போக நாலைந்து தண்ணீரில் அலசிப் போடுங்கள். கதம்பை நார் (தேங்காய் நார்) வேண்டாம், கறை இறங்கும்.

அந்த வலையிலும் ஸ்பாஞ்சிலும்தான் மீன் கழிவின் நச்சு அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேறும். அதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் தினமும் பைப்பில் கழுவி விரட்டியது அவற்றைத்தான். இனி ஸ்பாஞ்ச் அடைத்தால் மட்டும், தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்துப் பிழியுங்கள். மழைக்காலத்தில் மணிக்கணக்கில் கரண்ட் போனால், டிரம்மில் தேங்கிய தண்ணீரை வால்வைத் திறந்து வெளியே விட்டபிறகே பம்பைப் போடுங்கள். அது தொட்டிக்குள் போனால் மீனுக்கு ஆகாது.

பச்சை நிறம் வேறு கதை. தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி ஸ்பாஞ்சில் சிக்காத அளவு நுண்ணியது. பாதித் தொட்டிக்கு நிழல்வலை கட்டுங்கள், போதாவிட்டால் பம்புத் தண்ணீர் உள்ளே ஓடும் யூ.வி. (புற ஊதா) விளக்கு. இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுப்பதால்தான் விடியலில் மீன் திணறுகிறது. காற்று கலக்க, ஃபில்டர் தண்ணீர் ஒரு சாண் உயரத்திலிருந்து சளசளவென்று விழட்டும்.

கோய் அரை மீட்டருக்கு மேலும் வளரும். இந்தத் தொட்டிக்கு ஆறு போதும். மற்றவற்றைக் குஞ்சாக இருக்கும்போதே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.