மாடிக்கு வைஃபை வரவில்லை. 2,500 ரூபாய்க்குள் ரூட்டர் வாங்குவதா, ஸ்விட்ச் வாங்குவதா?

கீழே ஹாலில் ஃபைபர் மோடம், 200 எம்பிபிஎஸ் பிளான். மாடி அறையில் ஸ்மார்ட் டிவி, ஆபீஸ் லேப்டாப். அங்கே சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் நெட்வொர்க் வேலை செய்து கொடுப்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் மோடம் என்று சொல்லும் அந்தப் பெட்டிக்குள்ளேயே ரூட்டர் இருக்கிறது. ஃபைபர் கம்பெனிகள் தரும் இந்தப் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். அவற்றில் பெரும்பாலானவை ரூட்டர், வைஃபை, சின்ன ஸ்விட்ச் (ஒரு லேன் கேபிளின் இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) மூன்றும் சேர்ந்தவை. அதனால் உங்கள் வீட்டில் ரூட்டருக்குக் குறைவில்லை. குறை, ஹாலுக்கும் மாடிக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட் தளத்தில். ஹாலில் எட்டு ஆன்டெனா வைத்த ரூட்டரை வாங்கி வைத்தாலும் அந்தத் தளம் அங்கேயேதான் இருக்கும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரையும் தளத்தையும் தாண்டுவதில் ரொம்பப் பலவீனம். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தாண்டும். ஆனால் பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் அதில்தான் நெரிசலாக இருக்கும்.

எனவே என் யோசனை இது: கீழிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள். மேல் முனையில் விலை குறைந்த ரூட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் கருவியாக, மாற்றி வையுங்கள். அதன் பின்பக்கத்தில் வழக்கமாக நாலு லேன் போர்ட் (கேபிள் சொருகும் துளை) இருக்கும். டிவியையும் லேப்டாப்பையும் கேபிளிலேயே அதில் சொருகலாம், போனுக்கு வைஃபையும் கிடைக்கும். தனியாக ஸ்விட்ச் தேவையே இல்லை.

எந்த ரூட்டர் என்றால், ஆன்டெனாவை எண்ணாதீர்கள், போர்ட்டைப் பாருங்கள். பட்ஜெட் ரூட்டர்களில் ஏமாறும் இடம் இதுதான். அட்டைப்பெட்டியில் ஏசி1200 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300 எம்பிபிஎஸ், 5-இல் 867, இரண்டையும் கூட்டி மேலே தூக்கிவிட்ட எண் அது. எந்தப் போனுக்கும் அது முழுதாகக் கிடைக்காது. டிபி-லிங்கிலேயே ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டும் ஏசி1200 வகைதான். ஆனால் சி50-இன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ், சி6-இன் போர்ட்டுகள் ஜிகாபிட், அதாவது 1000. 100 எம்பிபிஎஸ் போர்ட் வழியாக உள்ளே வருவது நடைமுறையில் 94, 95-தான். உங்கள் 200 பிளானில் பாதி வாசலிலேயே நின்றுவிடும். பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 10/100 என்று மட்டும் இருந்தால் அது 100. 10/100/1000 என்றோ ஜிகாபிட் என்றோ இருந்தால் வாங்கலாம். உங்கள் பட்ஜெட்டில் வைஃபை 5 (ஏசி என்று போட்டிருக்கும் தலைமுறை) போதும். பேரம் படிந்து அடுத்த தலைமுறை வைஃபை 6 கிடைத்தால் சரி, ஆனால் அதிலும் போர்ட்டைப் பார்த்துவிட்டே வாங்குங்கள். 50 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலையே வேண்டாம், 100 போர்ட் அவருக்குத் தாராளம்.

ஓஎன்டியின் பின்பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். மலிவான பெட்டிகள் பலவற்றில் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், அதன் மேல் ஜிஇ என்று இருக்கும். மற்றவை எஃப்இ, அதாவது 100. மாடிக்குப் போகும் கேபிளை ஜிஇ-யில் சொருக வேண்டும்.

கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கேட் 5இ ரகமே 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும், கேட் 6 வாங்கினால் இன்னும் நல்லது. ஆனால் செம்பா என்று பார்த்து வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு கொடுத்து விற்பதும் கடைகளில் உண்டு. ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டினால் போதும், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். இரண்டு முறை மடக்கினாலே ஒடிந்துவிடும். சுவருக்குள் போன பிறகு ஒடிந்தால் யார் தேடுவது? டிஷ் ஒயர் போகும் பைப்பில் இடம் இருந்தால் அதிலேயே விடலாம். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் விடாதீர்கள்.

கேபிள் முனையில் பிளக் மாட்ட, அதாவது கிரிம்ப் செய்ய, வருபவரிடம் எட்டு கம்பியையும் போடச் சொல்லுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும், அதனால் ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு இணைப்பு கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. வேலை முடிந்ததும் அவர் கிளம்புவதற்கு முன்பே லேப்டாப்பைச் சொருகி, விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் ஸ்பீட் பாருங்கள். 1000/1000 வர வேண்டும். லேப்டாப்பிலும் ஜிகாபிட் போர்ட் இருந்து, 100/100 என்று காட்டினால், ஏதோ ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை. அங்கேயே வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து செட்டப். புது ரூட்டரின் மெனுவில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லாவிட்டால் அதன் டிஹெச்சிபி-யை (கருவிகளுக்கு முகவரி பங்கிடும் வசதி) அணைத்துவிட்டு, முகவரியை ஓஎன்டியோடு மோதாதபடி மாற்றி (அது 192.168.1.1 என்றால் இது 192.168.1.2), கேபிளை வேன் போர்ட்டில் (வெளியிலிருந்து நெட் வருவதற்கான துளை) இல்லாமல் லேன் போர்ட் ஒன்றில் சொருகுங்கள். இதைச் செய்யாமல் ரூட்டராகவே விட்டாலும் யூடியூப் ஓடும், அதனால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். கீழே சோபாவில் இருக்கும் போனுக்கு மாடி டிவி கண்ணில் படாது, காஸ்ட் செய்ய முடியாது, பிரிண்டரும் அப்படித்தான். மேலும் கீழும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைத்தால் படி ஏறும்போது போன் பெரும்பாலும் தானாக மாறிக்கொள்ளும். 2.4-இல் கீழே சேனல் 1, மேலே 6 அல்லது 11 என்று பிரித்து வையுங்கள். அட்மின் பாஸ்வேர்டையும் மறக்காமல் மாற்றுங்கள்.

சரி, ஸ்விட்ச் எப்போது வாங்குவது? போர்ட் பற்றாமல் போகும்போதுதான். ஐந்து போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும், செட்டிங் எதுவும் கிடையாது, சொருகினால் ஓடும். இங்கேயும் ஒரு எழுத்தில்தான் வித்தியாசம்: டிபி-லிங்க் எல்எஸ்1005 என்றால் 100, எல்எஸ்1005ஜி என்றால் ஜிகாபிட். டெண்டாவில் எஸ்105 என்றால் 100, எஸ்ஜி105 என்றால் ஜிகாபிட். டி-லிங்கில் டிஇஎஸ் என்று தொடங்கினால் 100, டிஜிஎஸ் என்றால் ஜிகாபிட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் மாடல் எண்ணை முழுதாகப் படியுங்கள். லேன் கேபிளிலேயே கரண்ட்டும் எடுக்கும் ஐபி கேமரா மாட்டும் எண்ணம் இருந்தால், கேபிள் வழியே கரண்ட் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்ச் வேண்டும், அது வேறு விலை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஸ்விட்சை எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்சில் சொருகிவிட்டால் வீட்டு நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிடும், காரணம் தெரியாமல் நீங்கள் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கேபிளே இழுக்க முடியாத வாடகை வீடு என்றால் ரிப்பீட்டர் ஒரு வழி, அது வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி. வாங்கிய அலைவரிசையிலேயே திருப்பி அனுப்பும் மலிவு வகையில் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பதைத் தெரிந்தே வாங்குங்கள். சிக்னல் செத்த அறையில் வைத்து ஒன்றும் ஆகாது, மாடிப்படித் திருப்பத்தில் வையுங்கள்.

அப்புறம், கரண்ட் போனால் கீழே ஓஎன்டி, மேலே ரூட்டர், இரண்டுக்கும் பேக்கப் வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீடென்றால் மினி யுபிஎஸ் வாங்கும் முன் இரண்டு அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். ஓஎன்டிக்கு பெரும்பாலும் 12 வோல்ட், சில குட்டி ரூட்டர்களுக்கு 9 வோல்ட். 9 வோல்ட் ரூட்டரில் 12 வோல்ட் பின்னைச் சொருகிவிடாதீர்கள், பின் அச்சாகப் பொருந்தும்.