கின்ஃபோர் காட்டுத் தாய்மார்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் குறிப்பில் ழான்-க்ளோத் ஷ்மிட் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கிராமத்துத் தாய்மார்கள் நோய்கண்ட கைக்குழந்தைகளை ஒரு நாயின் சமாதிக்குத் தூக்கிப் போனதை அவர் ஆராய்ந்தார் என்றும், 'மூடநம்பிக்கை' என்று சொல்லி அதை ஒதுக்காததே அவருடைய பெருமை என்றும் சொல்லியிருந்தீர்கள். அந்த வரி என்னை உறுத்துகிறது.

நான் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மாந்தம் என்று வயிற்றில் சூடு போட்ட பிள்ளைகளை ஏந்திக்கொண்டு பஸ் பிடித்து ஓடியிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் பிழைக்கவில்லை. அந்த நாய்ச் சமாதியிலும் குழந்தைகள் செத்திருக்கும்தானே? அதைச் சொல்லாமல் விட்டது சரியா? அந்த மனிதர் இதைப் பற்றி என்னதான் சொல்கிறார்? அந்த நாட்களில் தாய்மார்கள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி வைப்பேன். பரணில் கிடக்கும் அவற்றைப் பழைய பேப்பரோடு போட எடுத்தபோதுதான் உங்கள் குறிப்பைப் படித்தேன். அதனால்தான் இவ்வளவு கோபமோ என்னவோ.

அன்புடன்,
ஒரு வாசகி, தஞ்சாவூர்

*

அன்புள்ள அம்மா,

வணக்கம். குழந்தைகள் செத்தன. அதை நான் எழுதாமல் விட்டது தவறு. ஷ்மிட் அதை விடவில்லை. சுருக்கி எழுதும் அவசரத்தில் விட்டவன் நான்தான். இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

ஷ்மிட் 1946ல் அல்சாஸ் பகுதியில் கோல்மார் நகரில் பிறந்தவர். மத்தியகால வரலாற்றில் பெரிய பெயரான ழாக் லெ கோஃபின் மாணவர். ரைன் நதிக்கரை ஊர்களில் துறவிபோல் வாழ்ந்த பெகீன் என்ற பெண்களைத் திருச்சபை எப்படிச் சந்தேகித்து ஒடுக்கியது என்பது அவருடைய முதல் ஆராய்ச்சி. அது நூலாக வந்த அடுத்த வருடமே, 1979ல், 'புனித வேட்டைநாய்' வந்தது. அப்போது அவருக்கு 33 வயது.

அந்தப் புத்தகம் முழுவதும் ஒரே ஒரு லத்தீன் பத்தியின் மேல் நிற்கிறது. எழுதியவர் எத்தியென் த பூர்போன். லியோன் நகர மடத்தைச் சேர்ந்த டொமினிக்கன் துறவி, மதவிசாரணை அதிகாரியாகவும் இருந்தவர், 1261 வாக்கில் இறந்தார். பிரசங்கிகளுக்குப் பயன்படட்டும் என்று ஆயிரக்கணக்கான குட்டிக்கதைகளை ஒரு பெரிய நூலாகத் தொகுத்தார், முடிக்கவில்லை. அதில் ஒரு கதையாக, தானே நேரில் விசாரித்து அறிந்ததை எழுதுகிறார்.

லியோனுக்கு வடக்கே தோம்ப் என்ற பகுதியில் பிரசங்கம் செய்துவிட்டு, மக்கள் தங்கள் பாவங்களை வாய்விட்டுச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கிறார். பல பெண்கள், 'என் பிள்ளையைப் புனித கின்ஃபோரிடம் கொண்டுபோனேன்' என்கிறார்கள். அவர் யாரோ ஒரு புனிதர் என்று நினைத்து விசாரிக்கிறார். கின்ஃபோர் ஒரு நாய்.

வில்லார் பிரபுவின் நிலத்தில் ஒரு கோட்டை. பெற்றோரும் தாதியும் வெளியே போன நேரத்தில் தொட்டிலருகே பெரிய பாம்பு வருகிறது. வேட்டைநாய் சண்டையிட்டுப் பாம்பைக் கொல்கிறது, தொட்டில் கவிழ்கிறது, எங்கும் ரத்தம். திரும்பி வந்தவர்கள் நாய் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று அலறுகிறார்கள். கோட்டையின் பிரபு வாளை உருவி நாயைக் கொல்கிறார். அப்புறம்தான் தொட்டிலுக்கு அடியில் பிள்ளை தூங்குவதும், பக்கத்தில் பாம்பு செத்துக் கிடப்பதும் தெரிகிறது.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குக் கீரிப்பிள்ளை நினைவுக்கு வந்திருக்கும். அதே கதைதான். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், 'பிள்ளை நகுலம்' கொன்ற பார்ப்பனிக்குக் கோவலன் உதவியதை மாடலன் சொல்கிறானே, அந்தக் கதை. இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு என்று மொழி மாறி ஐரோப்பாவுக்குப் போனது. வழியில் கீரி நாயாகிவிட்டது. 12ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மொழியின் ஏழு ஞானிகள் கதைத்தொகுதியில் அது இடம்பிடித்துவிட்டது.

ஆனால் தோம்ப் விவசாயிகள் கதையை அதோடு விடவில்லை. அநியாயமாகக் கொன்றதற்கு வருந்திய பிரபு வீட்டார் நாயைக் கிணற்றில் போட்டு, மேலே கற்களைக் குவித்து, பக்கத்தில் மரங்கள் நட்டார்கள். பிறகு கடவுளின் சித்தத்தால் அந்தக் கோட்டை அழிந்தது, அந்த நிலம் பாழானது என்று விவசாயிகள் சொன்னார்கள். குற்றமில்லாத உயிரைக் கொன்ற பிரபுவின் வீடு இல்லாமல் போனது, செத்த நாய் வேதசாட்சி, அதாவது உயிரைக் கொடுத்த புனிதர், ஆனது. நிலமும் வாளும் கையில் இல்லாதவர்கள் இந்தக் கதையை ஏன் விடாமல் வைத்திருந்தார்கள் என்று ஷ்மிட் கேட்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

இனி சடங்கு. நீங்கள் கேட்டது இதைத்தான்.

சற்றுத் தள்ளி இருந்த ஊரின் கிழவி ஒருத்திக்கு முறை தெரியும். அவளோடு தாய் காட்டுக்குப் போவாள். உப்புக் காணிக்கை வைப்பார்கள், பிள்ளையைச் சுற்றிய துணிகளைப் புதர்களில் தொங்கவிடுவார்கள், மரத்தில் ஆணி அடிப்பார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே நின்று குழந்தையை ஒன்பது முறை கைமாற்றுவார்கள். நோயோடு இருக்கும் இந்தப் பிள்ளை உங்களுடையது, கொழுகொழுவென்று நீங்கள் தூக்கிப்போன எங்கள் பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று காட்டுத் தெய்வங்களிடம் கேட்பார்கள். பிறகு குழந்தையை அம்மணமாக வைக்கோலில் கிடத்தி, தலைக்கு இருபுறமும் கட்டைவிரல் நீள மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அழுகை காதில் விழாத தூரம் போய்விடுவார்கள். வத்தி எரிந்து தீர்ந்ததும் திரும்புவார்கள். சில குழந்தைகள் அந்த நெருப்பிலேயே வெந்து இறந்தன என்று எத்தியென் எழுதுகிறார். உயிரோடு இருந்தால் ஷலாரோன் ஆற்றின் வேகமான தண்ணீரில் ஒன்பது முறை முக்குவார்கள். உறுதியான உடம்பு வாய்த்த குழந்தைதான் அதையும் தாண்டும்.

எத்தியெனுக்கு நீங்கள் பட்ட கோபம்தான். பிள்ளையைக் கொல்லும் தாய்கள் என்றே எழுதுகிறார். ஊரைக் கூட்டிப் பிரசங்கம் செய்தார். நாயின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, மரங்களை வெட்டி, இரண்டையும் சேர்த்து எரித்தார். இனி அங்கே கூடுபவர்களின் சொத்து பறிபோகும் என்று நிலப்பிரபுக்களைக் கொண்டு ஆணை போடவைத்தார். ஒரு பெண்ணையும் அவர் எரிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இருநூறு வருடம் தள்ளி இதே காரியத்தைச் செய்திருந்தால், அந்தக் கிழவியைச் சூனியக்காரி என்று கட்டி எரித்திருக்கக்கூடும்.

ஷ்மிட் இந்தச் சாவுகளை மழுப்பவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. தாய்மார்கள் எந்தக் கணக்கில் இதைச் செய்தார்கள் என்று பார்க்கிறார். அவர்கள் கண்ணில், வைக்கோலில் கிடப்பது அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை. சொந்தப் பிள்ளையைக் காடு எடுத்துக்கொண்டு, வற்றிப்போன ஒன்றை மாற்றி வைத்துவிட்டது. பிழைத்தால் தன் பிள்ளை திரும்பி வந்தது, செத்தால் போனது வேறொருவர் பிள்ளை. மருத்துவம் என்று ஒன்றும் கைக்கு எட்டாத ஊரில், தேறுமா தேறாதா என்று தெரியாமல் நாள்கணக்கில் முனகும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த நம்பிக்கை என்ன கொடுத்தது என்று நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

'மூடநம்பிக்கை' என்ற சொல்லை அவர் ஒதுக்கிவைத்ததன் காரணமும் இதுதான். எத்தியெனின் நூலில் இந்தக் கதை அந்தத் தலைப்பின் கீழேதான் வருகிறது. அதாவது அது விசாரிக்க வந்தவரின் சொல். அதே சொல்லை வரலாற்றாசிரியரும் கையில் எடுத்துக்கொண்டால், துறவி நின்ற இடத்திலேயே நின்று பார்ப்பதாகிவிடும். காட்டுத் தெய்வங்களைத் துறவி 'ஃபான்கள்' என்கிறார். அது ரோமானியர் இலக்கியத்துச் சொல். அந்தப் பெண்கள் தங்கள் பேச்சில் வேறு ஏதோ பெயர்தான் சொல்லியிருப்பார்கள். ஷ்மிட் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்து, இது துறவியின் குரலா அந்தப் பெண்களின் குரலா என்று பிரிக்கிறார். கதைக்கூறுகளை எதிரெதிராக நிறுத்தி அலசும் பக்கங்கள் எனக்குக் கொஞ்சம் வறட்சியாகவே பட்டன. ஆனால் நூலை மூடிவைத்துவிட்டு அவர் அந்தக் காட்டைத் தேடிக் கிளம்பும் பகுதிக்கு வந்தபின் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

காடு இருந்தது, அம்மா. எத்தியெனின் கதைகள் 1877ல் அச்சில் வந்ததும், அந்த மாவட்டத்து ஆவணக்காப்பாளர் வேசியேர் விசாரித்து, சாந்த்ரான் கிராமத்துப் பக்கம் ஒரு தோப்புக்கு அப்போதும் புனித கின்ஃபோர் காடு என்றே பெயர் இருப்பதை 1879ல் எழுதினார். நோய்ப்பிள்ளைகளுக்காக அங்கே போகும் வழக்கமும் முழுதாக நிற்கவில்லை. எலும்பை எரித்து ஆறு நூற்றாண்டு கடந்த பிறகும்! ஷ்மிட் 1970களில் போனபோது ஊரின் வயதானவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருந்தது. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் காகிதத்தோடு நின்றுவிடுவார்கள். இவர் ஆற்றங்கரையில் நடந்து பார்த்தார்.

அதன்பின் அவர் மத்தியகால மனிதரின் உடல் அசைவுகளைப் பற்றி 1990ல் ஒரு பெரிய நூல் எழுதினார், பேய்களைப் பற்றி 1994ல் இன்னொன்று. இறந்தவர் திரும்பி வருவதாக எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் துறவிகள். அவர்களுக்கு அந்தக் கதைகள் எதற்குத் தேவைப்பட்டன என்று அதில் கேட்கிறார். பாரிசில் லெ கோஃப் தொடங்கிய மத்தியகால மானுடவியல் ஆய்வுக்குழுவை அவருக்குப் பின் நடத்தியவரும் இவரே.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது ஒரு சட்டம். வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாகவேண்டும் என்று 1215ல் திருச்சபையின் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அதனால்தான் எழுதத் தெரியாத பெண்கள், எழுதத் தெரிந்த ஒருவரின் முன் முழங்காலிட்டுப் பேச நேர்ந்தது. கண்காணிக்கச் செய்த ஏற்பாடு அது. அவர்களுடைய குரல் நமக்கு வந்து சேர்ந்ததும் அந்த வழியில்தான்.

அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னது தனியாகப் பதிவாகியிருக்கிறது. வத்தி ஏற்றிவிட்டுத் தள்ளிப் போனவள், காட்டுக்குள்ளிருந்து ஒரு ஓநாய் பிள்ளையை நோக்கி வருவதைப் பார்க்கிறாள். சடங்கு முடியும்வரை திரும்பக் கூடாது. அவள் திரும்பினாள். தாய்ப்பாசத்தால் அவள் ஓடித் தடுத்திராவிட்டால் அந்த ஓநாயோ, ஓநாய் வடிவில் வந்த சாத்தானோ பிள்ளையைத் தின்றிருக்கும் என்று எத்தியென் எழுதுகிறார். அவள் பெயர் இல்லை, பிள்ளை பிழைத்ததா என்றும் இல்லை. கோபத்தில் எழுத உட்கார்ந்த மனிதர் அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடாமல் எழுதியதால் அவளை நமக்குத் தெரியும்.

உங்கள் நோட்டுகளைப் பழைய பேப்பரோடு போடாதீர்கள். தாய்மார்களின் பெயர்களை மறைத்துவிட்டு, சூடு போட்டதற்கு அவர்கள் சொன்ன காரணங்களை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே பிரதி எடுத்து வையுங்கள். எழுத்து மங்கியிருந்தால் சொல்லுங்கள், தட்டச்சு செய்ய நான் ஆள் ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்.