மண்டை ஓடு மெலிந்திருந்தால்: கேள்வி பதில்

பதிலளிப்பவர்: மதுரையைச் சேர்ந்த கதிரியக்கப் படவியல் மருத்துவர்

மேலூரிலிருந்து ஒரு தந்தை: பைக்கிலிருந்து விழுந்த என் மகனுக்கு (வயது 19) எடுத்த ஸ்கேனில், உச்சியின் இருபுறமும் எலும்பு மெலிந்திருப்பதாக எழுதியுள்ளனர். இது என்ன நோய், ஐயா?

மெலிவு என்பது நோயின் பெயர் அன்று. படத்தில் கண்டதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். மண்டை ஓட்டில் இரண்டு கெட்டித் தகடுகளும், அவற்றுக்கு நடுவே மஜ்ஜை நிறைந்த பஞ்சு போன்ற அடுக்கும் உள்ளன. முதியவர்களுக்கு உச்சி எலும்பு மெலியும்போது பெரும்பாலும் வெளித்தகடும் நடு அடுக்கும் தேய்ந்து, உட்தகடு மட்டும் நிற்கும். 19 வயதில் அந்த விளக்கத்தை உடனே ஏற்க நான் தயங்குவேன். பிறவியிலேயே அப்படி அமைந்திருக்கலாம் என்பதால், சிறுவயதில் எடுத்த எக்ஸ்ரே ஏதேனும் பீரோவில் கிடந்தால் எடுத்து வாருங்கள். புதிய பரிசோதனைகள் பலவற்றைவிட அந்தப் பழைய படம் அதிகம் சொல்லும்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு (வயது 22) தலைவலியோடு பார்வையும் அவ்வப்போது மங்குகிறது. மண்டையின் அடிப்பகுதி எலும்பு மெலிந்துள்ளதாம்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம், அம்மா. தலைக்குள் மூளை நீரின் அழுத்தம் நெடுநாள் கூடியிருந்தால், அது எலும்பை உள்ளிருந்து அரிக்கும். உடல் எடை மிகுந்த இளம்பெண்களிடம் இதை அதிகம் காண்கிறோம். அரித்த எலும்பு வழியே அந்த நீர் கசியலாம் என்பதால், குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுகிறதா என்று கவனியுங்கள். கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தாலே பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அதை இந்த வாரமே செய்யுங்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து: கேழ்வரகும் கால்சியம் மாத்திரையும் போதுமா?

கேழ்வரகு நல்லதுதான், 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் காரணம் தெரியாமல் மாத்திரை விழுங்குவது வீண். இரத்தத்தில் கால்சியம் அளவை ஆளும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி மிகையாக இயங்குபவர்களுக்கு அது கெடுதலும்கூட. இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பின் மாற்றத்தைக் காட்டும் நொதி), வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றைப் பாருங்கள். வைகை மணல் கொதிக்கும் நம் ஊரிலும், பகலெல்லாம் கூரையின் கீழ் இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைகிறது. எனினும் அந்தக் குறை மண்டை எலும்பில் மட்டும் நிற்பதில்லை; இடுப்பும் தொடையும் வலிக்கும்.

திருமங்கலத்திலிருந்து ஒரு மாணவர்: எலும்பே மறைந்துபோகும் நோய் உண்டாமே?

உண்டு, மிக அரிது. 1955-இல் கோர்ஹாம், ஸ்டவுட் என்ற இருவர் விரிவாக எழுதியதால் அவர்கள் பெயரையே பெற்றது. எலும்புக்குள் நிணநீர்க் குழாய்கள் பெருகப் பெருக எலும்பு கரைகிறது. பெரும்பாலும் இளையவர்களையே தாக்குகிறது. இணையத்தில் இதைப் படித்து அஞ்சி வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: முந்தைய படத்துக்கும் இப்போதைய படத்துக்கும் இடையே மெலிவு பரவியிருக்கிறதா? பரவினால்தான் திசு எடுத்துச் சோதிக்கும் பேச்சு எழும்.

மேலூர்த் தந்தை மீண்டும்: அடுத்த ஸ்கேன் எப்போது, ஐயா? பைக் ஓட்டலாமா?

தலைவலியோ வீக்கமோ இல்லை, இரத்தப் பரிசோதனையும் சரி என்றால், ஓராண்டு கழித்து ஒருமுறை ஒப்பிட்டால் போதும். சில மாதங்களுக்கு ஒருமுறை சி.டி. எடுத்துக் கதிர்வீச்சை ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. பைக்கை ஓட்டட்டும், ஹெல்மெட்டின் வாரைப் பூட்டிக்கொண்டு.