சேச்செனி வெந்நீர்க் குளியல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகள் வேலை பார்க்கும் வியன்னாவுக்குப் போயிருந்தபோது இரண்டு நாள் புடாபெஸ்ட் போய்வந்தோம். சேச்செனி குளியலகத்துக்கும் கூட்டிப்போனாள். மஞ்சள் சுவர்கள், தூண்கள், குவிமாடம், முற்றத்தில் ஆவி பறக்கும் குளம். ஆஸ்திரிய ராஜாவின் அரண்மனை ஒன்றைப் பிற்பாடு குளியலகமாக மாற்றினார்கள் என்றார் வழிகாட்டி. துருக்கியர் கட்டியது என்றார் கூட வந்த இன்னொருவர். எது சரி? நான் மூட்டுவலிக்காரன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

இரண்டுமே சரியில்லை. அந்தக் கட்டடத்தில் எந்த ராஜாவும் குடியிருந்ததில்லை. ஊர் மக்கள் குளிப்பதற்கென்றே கட்டி, 1913 ஜூனில் திறந்தார்கள். புடாபெஸ்ட் என்பது டான்யூப் ஆற்றின் இரண்டு கரையில் இருந்த ஊர்கள் சேர்ந்தது: ஒரு கரை புடா, மறுகரை பெஸ்ட். நீங்கள் குளித்தது பெஸ்டில். துருக்கியர் புடாவை ஆண்டது 1541 முதல் 1686 வரை. அவர்கள் காலத்து ருடாஷ் குளியலகம் டான்யூபுக்கு அந்தப் பக்கம், கெல்லேர்ட் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. எண்கோணக் குளம், அதற்கு மேல் சின்னச் சின்னத் துளைகள் வழியே வெளிச்சம் இறங்கும் குவிமாடம். உள்ளே அரை இருட்டு. நீங்கள் பார்த்ததற்கும் அதற்கும் சாயலே கிடையாது.

துருக்கியர் ஏன் புடா கரையிலேயே குளியலகம் கட்டினார்கள்? புடா பக்கம் குன்று. மழைநீர் பாறை இடுக்குகளில் ஆழமாக இறங்கி, சூடேறி, குன்றடிவாரத்தில் தானாகவே ஊற்றாக வெளியே வரும். பெஸ்ட் பக்கம் சமவெளி. அதே வெந்நீர் அங்கேயும் உண்டு, ஆனால் கனத்த மண்படிவுகளுக்கு அடியில். தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

தோண்டியவர் வில்மோஷ் ஜிக்மோன்டி என்ற சுரங்கப் பொறியாளர். 1868-இல் தொடங்கினார், முடிந்தது 1878-இல். பத்து வருடம்! 970 மீட்டர், அதாவது நம் போர்வெல்காரர்கள் கணக்கில் ஏறக்குறைய 3,180 அடி. வந்த தண்ணீரின் சூடு 74 டிகிரி. எனக்கு அந்த மஞ்சள் சுவர்களைவிட இந்தத் துளைதான் பெரிய கட்டுமானம். 1881-இல் அதை நம்பி ஒரு சிறிய குளியலகம் வந்தது. கூட்டம் தாங்கவில்லை. பிறகுதான் பெரிய கட்டடத்துக்குத் திட்டம் போட்டார்கள்.

வரைந்தவர் சிக்லர் என்ற கட்டடக் கலைஞர். பாவம், 1905-இல் இறந்துவிட்டார். வேலை தொடங்கியதே 1909-இல்தான். (பெயர் கொடுத்த சேச்செனி பிரபுவும் 1860-லேயே போய்விட்டார். அவருக்கும் இந்தக் குளியலுக்கும் நேரடி சம்பந்தமில்லை.) குளியலகம் இருப்பது நகரப் பூங்காவுக்குள். முதலில் கட்டியது பூங்காவைப் பார்த்த தெற்குப் பகுதி. தனி அறைத் தொட்டிகள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நீராவிக் குளியல், நுழைவு மண்டபக் குவிமாடத்தின் உட்புறம் முழுக்க மொசைக். நீங்கள் சொல்லும் முற்றத்துக் குளங்கள் 1927-இல் சேர்த்தவை. வடக்கே, சர்க்கஸ் எதிரே உள்ள வாசல் வழியாகப் போனவர்கள் நேரே குளத்தில் இறங்கிவிட்டு, அந்த மண்டபத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். நீங்களும் அப்படித்தானோ என்று சந்தேகம், ஏனென்றால் கடிதத்தில் மொசைக் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குளங்கள் கூடியதும் பழைய கிணறு போதவில்லை. 1938-இல் இரண்டாவது கிணறு. ஏறக்குறைய 1,250 மீட்டர், 77 டிகிரி. அந்தச் சூட்டில் அப்படியே இறங்கினால் வெந்துபோவோம். ஆறவைத்துத்தான் குளத்துக்கு விடுகிறார்கள். தண்ணீரில் கால்சியம், மக்னீசியம், சல்பேட் எல்லாம் கரைந்திருக்கிறது. ஹங்கேரியில் மூட்டுவலிக்கு டாக்டரே சீட்டு எழுதிக் கொடுத்து இதுமாதிரி இடங்களுக்கு அனுப்புவதுண்டு. உங்கள் தூக்கத்துக்குக் காரணம் அந்த உப்புகளா, வெறும் வெந்நீரா, மகள் பக்கத்தில் இருந்ததா என்று நான் சொல்ல முடியாது.

அரண்மனைக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கிறேன். அதே பூங்காவில், எதிர்ப்பக்கம், வைடாஹுன்யாட் கோட்டை தெரியும். அதிலும் ராஜா கிடையாது. 1896 கண்காட்சிக்காக மரத்தாலும் அட்டையாலும் போட்ட செட் அது. ஜனங்களுக்குப் பிடித்துப்போகவே பிறகு கல்லில் கட்டினார்கள்.

வீரர் சதுக்கத்துக்கும் போயிருப்பீர்கள், பெரிய தூணும் சிலைகளும் உள்ள இடம். ஜிக்மோன்டியின் கிணறு அங்கேதான், உங்கள் காலடியில். நினைவுக்கல்லுக்குப் பின்னால் தரையில் ஒரு மூடி இருக்கிறது. எல்லாரும் சிலைகளையே அண்ணாந்து படமெடுப்பதால் கண்ணில் படுவதில்லை. உங்கள் படங்களில் தற்செயலாக விழுந்திருக்கிறதா என்று பாருங்களேன்.