வீட்டு மின்சாதனம்: கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் விளக்கு, ஃபேன், கீசர் என்று எல்லாவற்றுக்கும் வைஃபையில் இயங்கும் ஸ்மார்ட் பிளக் மாட்டிவிட்டார். மகனோ வாரம் ஒருமுறை வைஃபைக்குப் புதுப்பெயர் சூட்டுகிறான். போன வாரம் ‘கடன் கேக்காதீங்க’. பெயர் மாறிய அன்றைக்கு ஒரு பிளக்கும் அசையாது. ராத்திரி மாமியார் மைக்ரோவேவில் பால் சுட வைத்தால் அவன் கேம் நின்றுபோகிறது. யார்மேல் தப்பு? — வாசகி, மதுரை

பதில்: மாமியாரைப் பாதி சொல்லலாம், பாவம் அவருக்கே தெரியாது! மைக்ரோவேவ் ஓடுவது 2.45 கிகாஹெர்ட்ஸில். வைஃபையின் 2.4 அலைவரிசையும் அதே இடம்தான். கதவோரம் கசிகிற துளி போதும், கேம் தடுமாற. வைஃபைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னோர் அலைவரிசையும் உண்டு. ரவுட்டர் அமைப்பில் 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வைத்து, மகனை 5-க்கு அனுப்புங்கள். அது சுவரைத் தாண்டச் சிரமப்படும். அவன் அறை இரண்டு சுவர் தள்ளி என்றால் ரவுட்டரிலிருந்து லேன் கேபிளே (இணைய வயர்) இழுத்துவிடுங்கள்.

பிளக்குகள் பெரும்பாலும் 2.4 மட்டுமே அறிந்தவை. முதலில் கொடுத்த பெயரையும் பாஸ்வேர்டையும் மனப்பாடமாக வைத்திருக்கும். ஒவ்வொன்றாக மறுபடி இணைக்க வேண்டாம், 2.4-க்குப் பழைய பெயர், பழைய பாஸ்வேர்டை எழுத்துப் பிசகாமல் திருப்பி வையுங்கள், தானே வந்து சேரும். புது ரவுட்டர் வாங்கும்போதும் இதே வழிதான். பெயர் சூட்டு விழாவை மகன் 5-இல் நடத்திக்கொள்ளட்டும்.

எனக்குக் கவலை கீசர்தான். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர், 3000 வாட் என்றால் 13. 10 ஆம்பியர் பிளக்கில் 3000 வாட் கீசரைப் போட்டால் உள்ளே மின்சாரத்தை விட்டு நிறுத்துகிற ரிலே கருகும், பிளாஸ்டிக் இளகும். 2000 வாட்டுக்கும் 10 போதாது. அரைமணி நேரம் தொடர்ந்து ஓடுகிற சாமான் அது. 16 ஆம்பியர் பிளக்கே வாங்கச் சொல்லுங்கள். கீசரை அணைத்து மெயினையும் நிறுத்திவிட்டு, இன்றைக்கே பிளக்கைக் கழற்றிப் பின்னைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் பிளக்கோடு சுவர் சாக்கெட்டையும் மாற்றுங்கள்.

கேள்வி: பேரன் பெயர் அலெக்ஸ். சாப்பிடக் கூப்பிட்டால் அலெக்ஸா ஸ்பீக்கர் ‘என்ன வேண்டும்’ என்கிறது. — வாசகர், தூத்துக்குடி

பதில்: அலெக்ஸா செயலியில் அந்த ஸ்பீக்கரின் அமைப்புக்குள் போய், அழைக்கும் சொல்லை ‘எக்கோ’ என்று மாற்றுங்கள். ‘கம்ப்யூட்டர்’ என்றும் வைக்கலாம்தான். உங்கள் வீட்டில் அந்தச் சொல் ஒருநாளைக்கு எத்தனை தடவை வரும் என்று எண்ணிவிட்டு வையுங்கள்.