வீட்டில் ஒருவர் போன பிறகும் அன்றாட வாழ்க்கைக்கு நன்றியோடு இருக்க முடியுமா? எப்படி?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது கொஞ்சம்தான்: "மூன்று மாதமாகிறது. இன்னும் காலையில் இரண்டு டம்ளர் காபி கலந்துவிடுகிறேன். வருகிறவர்கள் எல்லாம் 'இருக்கிறதுக்கு நன்றி சொல்லு' என்கிறார்கள். எதற்குச் சொல்வது, எப்படிச் சொல்வது?"

போனது யார் என்று சொல்லவில்லை. கணவர் அல்லது மனைவி, வீட்டில் இப்போது நீங்கள் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா அப்பா என்றாலும் பெரிதாக மாறாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்றால் இந்தப் பதிலை விட்டுவிடுங்கள். அது வேறு துக்கம், அதற்கு இந்த அளவுகள் பொருந்தாது.

துக்கம் கேட்க வந்தவர் "இருக்கிறதுக்கு நன்றி சொல்லு" என்றால், பெரும்பாலும் அவர் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம். அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், வீடு சொந்தம், பென்ஷன் வருகிறது என்று தராசின் ஒரு தட்டில் எத்தனை படிக்கல் அடுக்கினாலும் போனவர் இருக்கும் தட்டு மேலே வராது. அடுக்கிப் பார்த்தவர்களுக்கு மிஞ்சுவது "இவ்வளவு இருந்தும் அழுகிறேனே" என்ற குற்ற உணர்ச்சிதான். "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்" என்பதும் இதே ரகம்.

அடுப்பில் தொடங்குங்கள். சிரிக்க வேண்டாம். சாப்பிடாத, தூங்காத உடம்புக்கு எதுவும் கண்ணில் படாது. படாத ஒன்றுக்கு எப்படி நன்றி சொல்வது? இருவருக்குச் சமைத்த கைக்கு ஒருவருக்கு அளவு தெரியாது. அரை டம்ளர் அரிசியை ஐந்து லிட்டர் குக்கரில் நேரடியாகப் போட்டால் அடிப்பிடிக்கும். அகலமான அடியில் தண்ணீர் மெல்லிசாகப் பரவி, அரிசி வேகும் முன்பே வற்றிவிடும். குக்கரில் அடியில் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு சின்னப் பாத்திரத்தில் அரை டம்ளர் அரிசிக்கு ஒன்றேகால் டம்ளர் தண்ணீர் வையுங்கள். பருப்பை இரண்டு நாளைக்குச் சேர்த்து, புளியும் உப்பும் போடாமல் வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் சாம்பார், மறுநாள் கூட்டு. காபிக்கும் இதே சங்கதி. பெரிய ஃபில்டரில் ஒருவருக்கான பொடியைப் போட்டால் பொடி மெல்லிசாகப் படிந்து வெந்நீர் நிற்காமல் இறங்கிவிடும், டிகாஷன் தண்ணியாக வரும். சின்ன ஃபில்டர் வாங்குங்கள். அல்லது பழைய அளவிலேயே போட்டு, பாதி டிகாஷனைச் சாயங்காலத்துக்கு எடுத்து வையுங்கள். இரண்டாவது டம்ளரைக் கலந்துவிட்டால் கொட்டவும் வேண்டாம், அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: அரை டம்ளர் சோறு பதமாக வந்த அன்றுதான் சிலருக்கு அழுகை வரும். அளவு பழகிவிட்டது, அவரை மறந்துவிட்டோம் என்று தோன்றும். கை பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது மொய் நோட்டு. பல ஊர்களில் கருமாதிக்கும் மொய் எழுதுவார்கள். யார் நூறு, யார் ஐந்நூறு என்று ஊர்ப் பெயரோடு பதிவாகியிருக்கும். பணமல்லாத எதுவும் அதில் ஏறாது. ராத்திரி ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தது யார், வாசலில் நாற்காலி இறக்கியது யார், சாவு வீட்டுப் பாத்திரங்களைத் துலக்கியது யார், டாக்டரிடம் சீட்டு வாங்க ஓடிய பக்கத்து வீட்டுப் பையன் யார், எட்டாம் நாள் பேசாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போன பெண் யார். அந்த நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, இவர்கள் பெயரை எழுதுங்கள். பெயர், செய்தது, முடிந்தால் நாள். மொய் எழுதாத வீடு என்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கடையில் அட்டையில் பூப்போட்டு "நன்றி நாட்குறிப்பு" என்று விற்கிறார்களே, அது வேண்டாம். அதில் ஒவ்வொரு பக்கமும் "இன்று உங்களை மகிழ்வித்தது எது?" என்று கேட்கும். துக்க வீட்டில் கேட்கும் கேள்வியா அது?

இந்தப் பட்டியலை மூன்றாம் மாதம் எழுதினாலே பாதி மறந்திருக்கும். மகளையோ கொழுந்தனையோ உட்கார வைத்துக் கேளுங்கள். துக்கத்தின் முதல் வாரங்களில் நினைவு ஓட்டையாகத்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. எழுதி முடித்ததும் வாரத்துக்கு ஒருவருக்குப் போன் செய்யுங்கள். "அன்னைக்கு நீங்க செஞ்சது ஞாபகம் இருக்கு" என்றால் போதும், அதற்குமேல் நீட்ட வேண்டாம்.

பிறகு வாரத்தில் ஒரு நாள் நன்றி எழுதுவது. தினமும் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. 2005-ல் வெளிவந்த, அமெரிக்க உளவியலாளர் லியூபோமிர்ஸ்கி குழுவின் ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. கடமையாகிவிட்டால் சலித்துவிடும். இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்களின் ஆய்வு 2003-ல் வந்தது. அதில் எழுதியவர்கள் கல்லூரி மாணவர்களும் நரம்புத்தசை நோய் உள்ளவர்களும். சாவு வீட்டுக்காரர்கள் இல்லை. ஆகவே "நன்றி எழுதினால் துக்கம் தீரும் என்று அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொல்லவில்லை. கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

மூன்று வரி எழுதினால் போதும். முதல் வரியில் அந்த வாரம் நடந்த ஒன்று, கையால் தொட்டுக் காட்டக்கூடியதாக. "குடும்பம்", "ஆரோக்கியம்" என்று எழுதினால் இரண்டாம் வாரமே நோட்டு மூடிவிடும். "கீரைக்காரம்மா கேட்காமலே சின்னக் கட்டாகப் பார்த்துக் கொடுத்தார்" என்று எழுதுங்கள். இரண்டாவது வரியில் அது யாரால், எதனால் நடந்தது. மூன்றாவது வரி போனவரிடம் பேசுவது: "நீங்க இருந்திருந்தா பேரம் பேசியிருப்பீங்க." பலரும் இந்த மூன்றாவது வரியை விட்டுவிடுகிறார்கள். விட்டால் அவர் இல்லாத உலகத்துக்கு நன்றி சொல்வதுபோல ஆகி, மனசு முரண்டு பிடிக்கும். படையல் போட்டுக் காக்கைக்குச் சோறு வைக்கிற ஊருக்கு இது புதிதில்லை. இறந்தவரோடு உறவு தொடரும், அதை அறுத்தெறியத் தேவையில்லை என்று மேலைநாட்டு அறிஞர்கள் 1996-ல்தான் புத்தகமாகவே போட்டார்கள்.

எழுத நல்ல நேரம் பகல். விளக்கேற்றும் நேரமும் படுக்கப் போகும் நேரமும் வேண்டாம். வீடு அப்போதுதான் வெறிச்சென்று இருக்கும், எழுதுவதெல்லாம் ஒப்பாரியாகிவிடும். ஒப்பாரி தப்பில்லை, அது தனியாக நடக்கட்டும். ஒன்றும் தோன்றாத வாரம் தேதியை மட்டும் போட்டு மூடுங்கள். கல்யாண நாள், முதல் தீபாவளி, முதல் திதி வரும் வாரங்களில் தொடவே வேண்டாம். "அவரைச் சந்தித்திருக்காவிட்டால்" என்று கற்பனை செய்யச் சொல்லும் ஒரு பயிற்சியும் இருக்கிறது. நல்லது நடக்காமலே போயிருந்தால் என்று யோசித்தால் அதன் அருமை தெரியும் என்பது கணக்கு. கீரைக்காரம்மா விஷயத்தில் செய்து பாருங்கள். போனவர் விஷயத்தில் முதல் வருஷம் செய்யாதீர்கள்.

கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். துக்கத்தில் இருப்பவரை நன்றி சொல்லச் சொல்கிற இதே சமூகம்தான் அவரைக் கவுன்டர் கவுன்டராக அலையவிடுகிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை, நல்லது. ஆனால் சான்றிதழில் இனிஷியல் ஒரு இடத்தில், ஆதாரில் வேறு இடத்தில் இருந்தால் வங்கியில் ஒரு பதில், வாரிசுச் சான்றிதழுக்குப் போனால் இன்னொரு பதில். பதிவு செய்யும் அன்றே ஆதார் நகலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். கண்ணீரோடு நிற்பவரிடம் "ஒரிஜினல் ஆளை வரச் சொல்லுங்க" என்று கேட்ட கவுன்டர்கள் இருக்கின்றன. இதற்கெல்லாம் யார் நன்றி சொல்வது?

நான் மருத்துவர் இல்லை. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் அன்றாட வேலையையே முடக்குகிற அளவுக்கு இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதை நீடித்த துக்கம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கக் கையேட்டின் 2022 திருத்தம் பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்கிறது. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு, நோட்டுப் புத்தகம் போதாது. "நானும் போய்விட்டால் தேவலை" என்று தோன்றினால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணமில்லை. தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு, யார் போனார்கள், எத்தனை நாளாயிற்று, சாப்பிட்டுத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று இந்த மூன்றைச் சொன்னால் மிச்சத்தை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.